இறங்கும்போது சத்தம் கேட்கக் கூடாது

மண் தரையில் பேஸ்கட்பால் கோர்ட்டுக்கு த்ரீ பாயின்ட் வளைவு போடுவது எப்படி என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் கை தானாகச் செய்துவிடும். ரிங்கின் நடுவிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கல் ஆடி அடங்கி நிற்கிற இடத்தில் ஓர் ஆணி. அது ரிங்குக்குப் பின்னால் இருக்கிற எண்ட் லைனிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்; சரியான கணக்கு 1.575 மீட்டர். அந்த ஆணியில் கயிற்றைக் கட்டி, 6.25 மீட்டரில் ஒரு முடிச்சு. முடிச்சைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நடப்பாள், பின்னாலேயே இன்னொருத்தி சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு போவாள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்ட கைகளுக்கு இது ஒரு வேலையே இல்லை.

முதல் வருடம் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, அப்பாவின் தறியிலிருந்து நூல் எடுத்து நாலு புரியாக முறுக்கிக் கொண்டுபோனேன். அது இழுத்த இழுப்புக்கு நீண்டது. இடது பக்கத்து வளைவு ஒரு சாண் வெளியே தள்ளிவிட்டது. அன்றைய மேட்ச்சில் எங்கள் பெண் ஒருத்தி இடது பக்கமிருந்து போட்ட அழகான பந்து, கால் கோட்டில் பட்டதால் மூன்றுக்குப் பதில் இரண்டு பாயின்ட்டாகப் போனது. ஒரு பாயின்ட்டில்தான் தோற்றோம். அதிலிருந்து தேங்காய் நார்க் கயிறு.

இதெல்லாம் 1998 முதல் 2001 வரை நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.காம் படித்தபோது நடந்தது. பெரியார் பல்கலைக்கழகம் 1997 செப்டம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் சேலத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழே இருந்தன. பல்கலைக்கழக அணியில் இடம் வேண்டுமென்றால், எங்களுக்கு முந்தைய செட் அக்காக்கள் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போய், சிமென்ட் கோர்ட்டிலேயே வளர்ந்த பெண்களோடு மோத வேண்டும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. சேலம், நாமக்கல், தருமபுரி சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே ட்ரையல்ஸ். திறமை அவ்வளவாக மாறவில்லை, மேப் மாறியது, எனக்கு இடம் கிடைத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

வீடு அம்மாபேட்டை. வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. வெண்பட்டு வேட்டி. அப்பாவுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, உள்ளே சித்தப்பா தறியில் இழை அறுந்தால் சொல்லிவிடுவார்: "எழ போச்சு பாருப்பா." சித்தப்பா நாடாவை நிறுத்திக் குனிந்து பார்ப்பார், போயிருக்கும். நாங்கள் யாரும் இதை அதிசயமாக நினைத்ததில்லை. தறிக்காரர் வீடுகளில் பல பேருக்கு அந்தக் காது உண்டு.

நான் ஐந்தடி ஏழங்குலம். எட்டாம் வகுப்பிலேயே பி.டி. டீச்சர் என்னை வரிசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து ரிங்குக்குக் கீழே நிறுத்திவிட்டார். ஆயாவுக்குத்தான் ஆற்றாமை. "இருக்கற ஒசரத்துக்கே மாப்பிள்ள எங்க போயித் தேடறது? இதுல குதிச்சுக் குதிச்சு இன்னும் ரெண்டு அங்குலம் வளந்துட்டா?" என்று தெருவுக்கே கேட்கப் புலம்பும். அப்பா போட்டது ஒரே நிபந்தனை, விளக்கு வைக்கிறதுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே பிராக்டீஸ் காலை ஐந்தரைக்கு. அந்த நேரத்தில் சைக்கிளில் போகும்போது தெரு முழுக்கத் தறிச் சத்தம் ஆரம்பித்திருக்கும்.

எங்கள் கிரவுண்டுக்கு ஒரு குறை. மழைக்காலம் முடிந்தால் பள்ளத்தை நிரவ ஒரு டிராக்டர் மண் கொட்டுவார்கள். வருடா வருடம் கொட்டிக் கொட்டித் தரை உயர்ந்து, ரிங் நாலு விரல் தாழ்ந்துபோயிருந்தது. ரிங் தரையிலிருந்து 10 அடி இருக்க வேண்டும், அதாவது 3.05 மீட்டர். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவில் ஒரு ஜிம்மின் மாடிக் கைப்பிடியில் பீச் பழக் கூடையை அடித்தபோது, அந்தக் கைப்பிடி 10 அடியில் இருந்தது என்பதைத் தவிர இந்த அளவுக்கு வேறு காரணமில்லை. ஆனால் கைக்கு அது தெரியும். எங்கள் கிரவுண்டில் பத்துக்கு எட்டு போடுகிறவள், வெளியூர் போனால் பந்து ரிங்கின் முன்விளிம்பில் தட்டித் திரும்பும். இரண்டு வருடம் "நெர்வஸ், நெர்வஸ்" என்று எங்களையே திட்டிக்கொண்டோம். மூன்றாம் வருடம்தான் யாரோ ஒரு மேஸ்திரியின் டேப்பை வாங்கி அளந்து பார்த்தோம். விளையாட வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மனசைக் குறை சொல்வதற்கு முன்னால் டேப்பை எடு.

பிராக்டீஸ் முடிவில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ. குறைவாகப் போட்டவள் அன்றைக்கு எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித்தர வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் பூண்டு மிளகாய்ச் சட்னி, இன்னொரு பக்கம் புதினாச் சட்னி. ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டையெல்லாம் சிவப்பு. எங்கள் காலத்தில் சேலம் என்று சொன்னால் வெளியூரில் மாம்பழம் என்பார்கள், இல்லாவிட்டால் ஸ்டீல் பிளான்ட். தட்டுவடை செட்டை யாரும் சொல்லாதது எங்களுக்கு மனத்தாங்கல்.

என் கையில் காசு புரளாது. அதனாலேயே எனக்கு ஃப்ரீ த்ரோ நன்றாக வந்தது. கோச் ஆயிரம் முறை போடச் சொல்லியும் வராதது, எட்டுப் பேருக்குச் செட் வாங்க வேண்டுமே என்ற பயத்தில் வந்தது. போர்டிலிருந்து 4.6 மீட்டர், முன்னால் யாரும் மறைக்க மாட்டார்கள். இருந்தும் மேட்ச்சில் கை நடுங்கும். கால் தளர்ந்த பிறகு, ஏதோ ஒன்று பணயமாக இருக்கும்போது போட்டுப் பழகினால்தான் அந்த நடுக்கம் பழகும். காலையில் புதுசாக வந்து நின்று போடுகிற நூறு ஃப்ரீ த்ரோ கணக்குக்குத்தான் உதவும்.

2000 மே மாதம் ஏற்காட்டில் பத்து நாள் கேம்ப். கீழே சேலம் வெந்துகொண்டிருக்கும்போது மேலே ஸ்வெட்டர். 20 கொண்டை ஊசி வளைவிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறினோம். மேலே போய் முதல் பந்தைத் தட்டினால், கல் மாதிரி எகிறுகிறது. ரிங்கில் பட்டால் பத்தடி தள்ளிப் போய் விழுகிறது. குளிருக்குப் பந்து அமுங்கத்தானே வேண்டும் என்று எல்லோருக்கும் குழப்பம். எங்கள் அணியில் ஒரே ஏற்காட்டுக்காரி, எஸ்டேட் லைன் வீட்டுப் பெண், முதல் வருடம். அவள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கீழருந்து வாங்கிட்டு வர்ற சிப்ஸ் பாக்கெட் இங்க வந்தா உப்பிக்கிதுல்லக்கா, அதான் இது."

அதேதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, உள்ளே அடைத்த காற்று அப்படியே இருக்கிறது. குளிர் கொஞ்சம் குறைத்தாலும் உயரம் கூட்டுவது அதைவிட அதிகம். அவள் ஊசியைப் போட்டுக் கொஞ்சம் காற்றை இறக்கினாள். ஊசியைத் தண்ணீரில் நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். நாங்கள் எச்சிலைத் தொட்டுத்தான் குத்தினோம், அது வேறு கதை. அழுத்தம் பார்க்க மீட்டர் இல்லாவிட்டால், பந்தைத் தலைக்கு மேலிருந்து கைவிட்டுப் பாருங்கள். நெஞ்சுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே வந்து நின்றால் சரி. திரும்பக் கீழே இறங்கியதும் காற்றடிக்க மறக்கக் கூடாது. நாங்கள் மறந்தோம்.

அந்தக் கேம்ப்பில் இன்னொன்றும் நடந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர், விளையாட்டு தெரிந்தவர், ஆனால் உடம்பு தெரியாதவர். ஸ்டாமினாவுக்கென்று தினமும் காலையில் மலைப்பாதையில் கீழ்நோக்கி ஐந்து வளைவு ஓடச் சொன்னார். ஏறும்போது வேன், இறங்கும்போது ஓட்டம். எங்களுக்கு ஒரே குஷி. காபித் தோட்டத்துப் பனி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, மூச்சு வாங்காமல் பறக்கிற மாதிரி ஓடினோம். மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினோம். இறக்கத்தில் ஒவ்வொரு அடியையும் தொடையும் முட்டியும்தான் பிரேக் போட்டுத் தாங்குகின்றன. மூச்சு வாங்காததால் சுலபம் என்று தோன்றும், அவ்வளவுதான். மலையில் பயிற்சி செய்கிறவர்களுக்கு என் யோசனை இதற்கு நேர் தலைகீழ். ஓடி ஏறுங்கள், இறங்க பஸ் இருக்கிறது.

அந்த வருடம் விதிகளும் மாறின. 20 நிமிடம் இரண்டு பாதியாக இருந்தது, 10 நிமிடம் நாலு குவார்ட்டராக ஆனது. 30 செகண்டுக்குள் பந்தை ரிங்குக்கு எறிய வேண்டும் என்றிருந்தது 24 ஆனது. எங்கள் மண் கிரவுண்டில் எந்த கிளாக்கும் கிடையாது. ஒருவர் வாட்சைப் பார்த்து விசில் ஊதுவார். ஆனாலும் ஆட்டம் வேகமாகிவிட்டது. ஓட்டம் கூடினால் குதிப்பதும் கூடும்.

அப்பா என் ஆட்டத்தைப் பார்த்தது ஒரே ஒரு முறை. சங்கத்துக்கு வேட்டி கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில், காந்தி ஸ்டேடியத்தில் மேட்ச் என்று அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறார். நான் பதினெட்டு பாயின்ட் போட்டேன். ஏதாவது சொல்வார் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்.

"நல்லாத்தான் குதிக்கிற பாப்பா. எறங்கும்போது ஒரு கால்தான் தொப்புங்குது. எடது முட்டி உள்ளாற மடங்குது பாரு."

"உங்களுக்கு பேஸ்கட்பால் பத்தி என்னப்பா தெரியும்?"

"அது தெரியாது. மிதி தெரியும்."

குழிக்குள் காலைத் தொங்கவிட்டு முப்பது வருடம் மிதி மாற்றி மாற்றி அழுத்தினவர். ஒரு கால் சரியாக விழாவிட்டால் துணியில் கோடு விழும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பதினெட்டு பாயின்ட் போட்டும் பாராட்ட ஒரு வார்த்தை வரவில்லையே என்று கோபம்தான் வந்தது.

2001 பிப்ரவரியில், எங்கள் கிரவுண்டிலேயே, நானே கயிறு பிடித்துக் கோடு போட்ட அதே தரையில் முட்டி போனது. யாரும் இடிக்கவில்லை. ரிங்கில் பட்டுத் திரும்புகிற ரிபவுண்டுக்கு எகிறிப் பந்தைப் பிடித்துவிட்டேன். இறங்கியது இடது காலில். கால் தரையில் நின்றது, உடம்பு திரும்பியது, உள்ளே கரும்பை ஒடித்த மாதிரி 'பட்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டதாம். வலி ஒரு நிமிடம் உயிர்போனது, அப்புறம் குறைந்துவிட்டது. எழுந்து நடந்தேன். சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

இங்கேதான் நாங்கள் தப்புச் செய்தோம். எக்ஸ்-ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்ற வார்த்தையை நாங்கள் அப்படியே பிடித்துக்கொண்டோம். அப்புறம் எண்ணெய்க் கட்டு. மூன்று கட்டு கட்டினார் ஒரு வைத்தியர், வீக்கம் வடிந்தது, நடக்க முடிந்தது, குணமாகிவிட்டது என்றே நினைத்தோம். ஆனால் தெருவில் சும்மா நடந்து போகும்போது முட்டி திடீரென்று புரளும், ஆள் சரிந்துவிடுவேன். எட்டு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் ஏ.சி.எல். என்கிற ஜவ்வு முழுசாகக் கிழிந்திருப்பது தெரிந்தது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்-ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. இறங்கும்போதோ திரும்பும்போதோ 'பட்' என்று சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், அப்புறம் முட்டி புரளுவது: இந்த மூன்றும் இருந்தால் முட்டி பார்க்கிற எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள். இந்த மாதிரி ஆட்டங்களில் இந்த ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். எனக்கு அப்போது இதை யாரும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பணம் இல்லை. தொடையை பலப்படுத்தும் பயிற்சிகளைப் பல வருடம் கழித்துக் கற்றுக்கொண்டு இதுவரை ஓட்டிவிட்டேன். ஆட்டம் அன்றோடு சரி.

சர்டிபிகேட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது ஜவ்வைவிட வலிக்கும். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் நான் ஆடியிருக்கிறேன். அங்கே கொடுத்த கலர் சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டினோம். வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பித்தபோது, இது செல்லாது, ஃபார்ம் 3 எங்கே என்றார்கள். பல்கலைக்கழக அளவில் ஆடியவர்களுக்கு மத்திய அரசு வேலைக்குக் கேட்பது அந்தப் படிவம். பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர் கையெழுத்திட்டது. மாநில அணிக்காக ஆடியிருந்தால் ஃபார்ம் 2, பள்ளி அளவுக்கு ஃபார்ம் 4. நான் அலைய ஆரம்பித்தபோது கல்லூரியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் மாறிவிட்டார், பதிவேடு கிடைக்கவில்லை, கடைசித் தேதி போய்விட்டது. ஆடி முடித்த அதே மாதத்தில் படிவத்தை வாங்கிவிடுங்கள். பெயர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே, இனிஷியல் உட்பட, இருக்கிறதா என்று பாருங்கள். நாலு ஜெராக்ஸ். ஃபிரேம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறு காலையில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் பதினைந்து பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெண்கள்தான் அதிகம். கோர்ட் சிமென்ட், வளைவு 6.75 மீட்டர், பெயின்ட்டில் போட்டது, கயிறு தேவையில்லை. பெண்களுக்கு ஆறாம் நம்பர் பந்து; எங்கள் காலத்தில் ஆண்களுடைய அதே ஏழாம் நம்பர். பிள்ளைகளின் அம்மாக்கள் கவலைகளை நேராக என்னிடமே கேட்கிறார்கள், வெயிலில் கறுத்துவிடுவாளா, மாதவிடாய் நாளில் ஆடலாமா என்று. உடம்பு ஒத்துக்கொண்டால் ஆடலாம். எங்கள் காலத்தில் இதைக் கேட்க ஒரு பெண் இல்லாமலே எத்தனையோ பேர் நின்றுவிட்டார்கள்.

பந்தைத் தொடுவதற்கு முன்னால் பதினைந்து நிமிடம் இறங்கப் பழக்குகிறேன். ஒரு படியிலிருந்து குதித்து இரண்டு காலிலும் சேர்ந்தாற்போல இறங்க வேண்டும். முட்டி மடங்கியிருக்க வேண்டும், கால் விரல்களுக்கு நேராக இருக்க வேண்டும், இரண்டு முட்டியும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. முக்கியமாக, சத்தம் கேட்கக் கூடாது. பூனை மாதிரி. பிள்ளைகளுக்கு இது சலிப்பு. ஒருத்தி கேட்டாள்: "மிஸ், நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் அண்ணன் ரியோ பாராலிம்பிக்ஸ் ஹை ஜம்ப்ல 1.89 மீட்டர் தாண்டினாரே, அவரு இதெல்லாம் பண்ணாரா?" அவர் விழுந்தது மெத்தையில் கண்ணு, உனக்குச் சிமென்ட் என்றேன்.

அப்பாவுக்கு எண்பது ஆகப்போகிறது. தறியை எப்போதோ கொடுத்தாயிற்று. கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். அதுவரை எல்லாம் மங்கல்தான். காலையில் காற்றாட இருக்கட்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போய், கோர்ட் ஓரத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்தேன். பிள்ளைகள் வரிசையாகப் படியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை; வேப்பமரத்தைப் பார்த்தபடி பிளாஸ்க் மூடியில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதா வந்த புள்ள யாரு?" என்றார்.

"ஏம்பா?"

"எடது கால மொதல்ல வெக்கிது."

அவளைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு முறை குதிக்கச் சொன்னேன்.